உன் நோட்டும் என் பட்டமும்

நேற்று சிதம்பரத்தில் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். நம் துறையில்தான், அதே கூடத்தில்தான். மின்விசிறி இன்னும் அதே சத்தம் போடுகிறது. பட்டுப்புடவை கட்டி, வேர்த்து விறுவிறுத்துப்போய் ஒரு பெண் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தாள். அவள்தான் அன்றைய ஆய்வாளர். என்னிடம் வந்ததும் நாலாக மடித்த ஒரு சீட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "மேடம், மூணாவது கேள்வி நீங்க. எழுந்து அப்படியே படிச்சிடுங்க, போதும். பதில நான் மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றாள்.

இந்த வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பொது வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சுற்றறிக்கை சொல்லும். நடப்பது வேறு. கேள்விகளை ஆய்வாளரே எழுதி, வெட்டி, மடித்து, சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார். யாராவது எழுந்து ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால் வெளியூரிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் முன்னால் மானம் போய்விடும் இல்லையா. 'நம்ம கல்யாணத்துக்கு நம்மளே வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு நம்மளையே கூப்புட்டுக்கிற மாதிரி' என்பாய் நீ. அப்போது சிரித்தேன். நேற்று சீட்டைப் பிரித்ததும் சிரிப்பு வரவில்லை. "கள ஆய்வில் உங்களை மிகவும் பாதித்த நேர்காணல் எது?" என்று எழுதியிருந்தது. எழுந்து படித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டால் தெரியாது.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடம், ஒரே நெறியாளரிடம் சேர்ந்தவர்கள். சார் என்றால் அவர் ஒருவர்தான் நமக்கு. நீ பண்ருட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், நான் கடலூரிலேயே மஞ்சக்குப்பம். நீ விடியும் முன்பே கிளம்பிக் கடலூர் வருவாய். நான் பிள்ளையைப் பால்வாடியில் விட்டு, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, மூச்சிரைக்க ஓடிவருவேன். சிதம்பரம் பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து உன் பையை வைத்திருப்பாய். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் என் டப்பாவில் இருக்கிற இட்லியை இரண்டு பேரும் தின்று முடித்திருப்போம். 'ஒன் மாமியாரு கை மாவு புளிக்கிதுடி' என்று சொல்லிக்கொண்டே கடைசி இட்லியையும் நீதான் எடுப்பாய்.

உனக்கு ஆய்வு என்றால் பைத்தியம். எனக்கு வேலை என்றால் பைத்தியம். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரில் மட்டும்தான். நிரந்தரப் பணியிடம் வரும்போது பட்டம் கையில் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால் பட்டம் வேண்டும். எப்படியாவது வேண்டும். அந்த 'எப்படியாவது' என்ற வார்த்தையை நான் எத்தனை முறை உன்னிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

கூலிக்கு வேலை செய்யும் பெண்கள்தான் நம் இருவருக்கும் தலைப்பு. எனக்குத் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்கள், உனக்கு முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்கள். நான் துறைமுகத்துக்குப் போனது மொத்தம் நாலு தடவை இருக்கும். நாற்றம், வெயில், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். வினாப் படிவத்தை என் மாணவிகளிடம் கொடுத்து நிரப்பி வாங்கிவரச் சொன்னேன். அவர்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்து, பேனா மாற்றி மாற்றி நிரப்பிக் கொடுத்தார்கள். சார் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தொறமொகத்துல மீன் விக்கிற பொம்பளைங்க அம்புட்டுப் பேருக்கும் ஒரே கையெழுத்தா?" என்றார். வெளியே வந்து உன்னிடம் சொன்னபோது நீ படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நீ படிவமே எடுத்துப் போகவில்லை. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு மூன்று. கொட்டகைக்குள் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, நீயும் கட்டையை எடுத்துக் கொட்டை உடைத்தாய். 'சும்மா ஒக்காந்து கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. நம்ம கையும் வெந்தாதான் பேச்சு வரும்' என்பாய். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு உன் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பழுப்புக் கறை. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ரேகையே விழாமல் அந்தப் பெண்கள் வரிசையிலிருந்து திரும்பி வருவதை எல்லாம் அதில்தான் எழுதிவைத்திருந்தாய். முதல் பேட்டி உன் அம்மாவுடையது.

உன் அம்மாவை நான் ஒரே ஒரு முறைதான் அப்போது பார்த்திருந்தேன். பலாக் காலம். பண்ருட்டிப் பக்கத்து ஆய்வாளர் என்றால் சீசனில் சாருக்கு ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது எழுதாத சட்டம். உனக்கு அதில் விருப்பமில்லை, நீ கொண்டுவரவும் இல்லை. பார்த்துவிட்டு உன் அம்மாவே ஒரு பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்து மாறி மாறி வந்து துறை வாசலில் நின்றாள். நீ கோபத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். சார் அறையை விட்டு வெளியே வரவே இல்லை; பியூன் வந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கார் டிக்கியில் வைத்தான்.

உனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது பலாப்பழத்தால் அல்ல. நீ எழுதிய கட்டுரையில் அவர் பெயரை முதலில் போட்டு உன் பெயரை இரண்டாவதாகப் போட்டார். எல்லோருக்கும் அதுதான் நடந்தது, எனக்கும்தான். நாங்கள் நன்றி சார் என்றோம். நீ, "சார், கொட்டகைக்குள்ள நீங்க ஒருநாள்கூட வரலியே" என்றாய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ இனி முடிக்க மாட்டாய் என்று.

காலநீட்டிப்புப் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். போட்டுத் தரவில்லை. நாளைக்கு வா என்றார், மீட்டிங் என்றார், ஊருக்குப் போகிறேன் என்றார். நீ வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாய். இதை உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்: அந்தப் படிவம் அவர் மேஜையில் செய்தித்தாளுக்கு அடியில் இருந்ததை நான் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. 'சார், அவ ஃபார்ம் இதுல கெடக்குதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் முன்னால் மறுக்க வெட்கப்பட்டாவது ஒரு கிறுக்கல் கிறுக்கியிருப்பார். என் மூன்றாவது அத்தியாயமும் அதே மேஜையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கெடு முடிந்து உன் பதிவு ரத்தானது என்று கடிதம் வந்தபோது உன்னோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

நீ சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். ஊரார் ஆய்வேட்டை எல்லாம் தட்டச்சு செய்து, ஓரம் சரிபார்த்து, பைண்டிங்குக்கு அனுப்புகிற வேலை. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். "வாடி டாக்டரு. எவனோ ஒருத்தன் நன்றியுரைக்கு மட்டும் ஏழு பக்கம் எழுதியிருக்கான், ஆய்வு முடிவு ரெண்டு பக்கம்" என்று சொல்லிச் சிரித்தாய். முகத்தில் வருத்தமே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்கப்புறம்தான் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு ஜவுளிக் கடைப் பையைக் கொடுத்தார். உள்ளே உன் மூன்று நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் நெறியாளர் சுருக்கொப்பம் போட வேண்டும் என்கிற விதிக்காக அவரிடம் கொடுத்து வைத்திருந்தாயே, திரும்பக் கேட்கப் போகவே இல்லையே, அதே நோட்டுகள்தான். "ஒன் நாலாவது அத்தியாயம் ஒண்ணுத்துக்கும் ஆவாது. தலைப்ப கொஞ்சம் மாத்தி, முந்திரியையும் சேத்துக்க. இதுல எல்லாம் இருக்கு. அவ இனிமே என்ன பண்ணப்போறா இத வச்சிகிட்டு" என்றார். உன் கையெழுத்து. உன் விரல் கறை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க சார், தேங்க்ஸ் சார்" என்றேன்.

பணியிட அறிவிப்பு வரப்போகிறது, வயது வரம்பு நெருங்குகிறது, வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு என்று சொல்லியிருந்தார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இவை எல்லாம் உண்மை. இவற்றை வரிசையாக எடுத்துச் சொன்னால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். தெற்கு வீதி என்ன இமயமலையிலா இருக்கிறது? கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க உனக்குக் கடமைப்பட்டவளாக இருக்க வேண்டும். எடுத்துக்கொண்டால் அது இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். என் ஆய்வேட்டை உன் கடைக்குக் கொண்டுவரவில்லை. மஞ்சக்குப்பத்திலேயே ஒரு கடையில் கொடுத்து முடித்தேன். நன்றியுரையில் பேருந்து நடத்துநர் முதல் நூலக உதவியாளர் வரை எல்லோர் பெயரும் இருக்கிறது. உன் பெயர் இல்லை. போட்டால் எதற்கென்று யாராவது கேட்பார்களே.

என் வாய்மொழித் தேர்வுக்கு நான் உன்னைக் கூப்பிடவில்லை. சார் கூப்பிட்டிருக்கிறார். கூட்டம் வேண்டுமே, வருகைப் பதிவில் கையெழுத்து வேண்டுமே; பழைய மாணவர் எல்லோருக்கும் போன் போயிருக்கிறது. நீ கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாய். சீட்டு கொடுத்த ஜூனியருக்கு நம் கதை தெரியாது. உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருத்தி என்று உன்னிடம் கொடுத்தான். நான் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, என் கையெழுத்தில் இருக்கிற சீட்டு உன் கையில் பிரிவதைப் பார்த்தேன்.

நீ எழுந்தாய். "கள ஆய்வில் உங்களை மிகவும் பாதித்த நேர்காணல் எது?" என்று படித்தாய். குரல் நடுங்கவில்லை.

மனப்பாடம் செய்த பதில் என்பது பழகிய மாடு போல. வழி தெரிந்த பக்கம் தானாகப் போய்விடும். நான் சொன்னேன். ஒரு தாய் என்னிடம் சொன்னார், கொட்டை உடைத்த கையால் கைக்குழந்தையைத் தொட்டால் பிஞ்சுத் தோல் வெந்துவிடும் என்று பயந்து, மாதக்கணக்கில் இரண்டு முழங்கையாலும் அணைத்துத்தான் அதைத் தூக்கிப் பால் கொடுத்தாராம், உள்ளங்கையால் தன் பிள்ளையின் கன்னத்தைத் தடவியதே இல்லையாம் என்றேன். கொஞ்சம் இடைவெளி விட்டேன். அதையும் வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை மூன்றாவது வரிசையில் சீட்டோடு நின்றுகொண்டிருந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு நீ உட்கார்ந்தாய்.

பட்டம் அறிவித்தார்கள், மாலை போட்டார்கள், சாப்பாடு போட்டோம். கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாய். என்னவோ சொல்லப்போகிறாய் என்று உடம்பெல்லாம் காத்திருந்தேன். "மைக்க இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிச்சிருக்கலாம்டி, ஒரே எரைச்சல்" என்றாய். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாய்.

அதற்காக உன்னை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. எழுந்து நின்றபோது 'இது எங்க அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பட்டம் போயிருக்கும், சாருடைய முகம் கிழிந்திருக்கும். கை கழுவுகிற இடத்திலாவது ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நீ எதுவும் செய்யவில்லை. உன் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நினைத்து நினைத்தே என் நிம்மதி போனது. திருடியவள் பேசுகிற பேச்சா இது என்று கேட்பாய். ஆமாம், அவள் பேச்சுதான்.

எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நீ போன் செய்து வாழ்த்துச் சொன்னாய். நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். துறை வாட்சப் குழுவில்தான் செய்தி வந்தது. சார், "சிறந்த ஆய்வாளர், ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று போட்டார். வரிசையாகக் கை கூப்பிய பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். அன்றைக்குத் தேர்வு மேற்பார்வை இருந்தது, அதனால் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமாவது மாற்றிவிட்டு வந்திருக்கலாம்.

நேற்று அந்தச் சீட்டைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து உன் நோட்டுகளை எடுத்து வைத்தேன். இன்று ஞாயிறு. காலையில் பண்ருட்டி போய், மினி பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வேப்பமர நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள். "நீ பாப்பாவோட படிச்ச பொண்ணுதான. எனக்குத் தண்ணி குடுத்தியே" என்றாள்.

உன் நோட்டைக் கொடுக்க வந்தேன் என்று நீட்டினேன். வாங்கவில்லை. "கையில எண்ணெ இருக்குது, கறையாப் போயிடும். என்னா எழுதியிருக்கான்னு நீயே படி" என்றாள். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முழங்கையால் தூக்கிய இடம் வந்தது. வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, சொன்னேன். அன்னிக்கி நல்ல மழ. எதுக்கும்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லலன்னு பாப்பா அழுதுச்சி" என்றாள்.

என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. "அம்மா, இதையெல்லாம் நான் கண்டுபுடிச்சதா எழுதித்தான் பட்டம் வாங்கினேன். அவளக் கேக்கவே இல்ல" என்றேன்.

"தெரியும்."

"அவ சொன்னாளா?"

"அது எங்க சொல்லுச்சி. ஒன் போட்டோ பேப்பர்ல வந்துச்சின்னு பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. கொட்ட ஒடைக்கிற பொம்பளைங்களப் பத்தி ஆராஞ்சி டாக்டரு ஆயிருக்காங்க, நம்ம ஊரு பேருகூடப் போட்டிருக்குன்னுச்சி." கட்டையைக் கீழே வைத்தாள். "நீ எங்க ஊருக்கு வந்ததே இல்லியேம்மா. இன்னிக்கித்தான வர்ற."

திட்டவில்லை. அழவில்லை. வந்த ஆளிடம் ஊர் விவரம் கேட்பது போலத்தான் கேட்டாள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிடுகிறேன், உண்மையைச் சொல்லி அவள் பெயரைப் போடச் சொல்கிறேன் என்று நான் என்னென்னவோ உளறினேன். அவள் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டாள். நோட்டுகளைச் சாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"அத இங்க வுட்டுட்டுப் போவாத" என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. எடுத்துகிட்டுப் போ. ஒனக்குத்தான அது சோறு போடுது."

எடுத்துக்கொண்டுதான் வந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? மத்தியானம் வீடு வந்து சேர்ந்ததும், சூடு ஆறுவதற்குள் செய்துவிட வேண்டும் என்று வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். பெறுநர் பதிவாளர் என்று எழுதினேன். பொருள் என்று எழுதினேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு தாளை எடுத்து, நேற்று சிதம்பரத்தில் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன் என்று உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். இத்தனை பக்கம் நிற்காமல் வந்துவிட்டது. உனக்கு எழுதினால் வேலை போகாதில்லையா.